தெரிந்தவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்?



2020 ஏப்ரல் முதல் தேதி நாடே ஊரடங்கில் முடங்கிக் கிடந்தது. அதனால் அன்றைக்கு வந்த ஒரு மாற்றம் பலருடைய கண்ணில் படவில்லை. இனி விற்பனைக்கு வரும் புது வண்டி எதுவானாலும் பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகை விதிக்கு உட்பட்டே இருக்க வேண்டும் என்பது அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. இரு சக்கர வண்டிகளில் இதன் நேரடி விளைவு, பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் போய் அந்த இடத்தில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்ததுதான். விலை உயர்ந்த பைக்குகளை விடுங்கள். பூக்காரரும் மீன்காரரும் தண்ணீர்க்கேன் போடுகிறவரும் ஓட்டுகிற எக்ஸ்எல் வண்டியிலும் அது வந்துவிட்டது. 1980இல் ஓசூரில் டிவிஎஸ் 50 என்று தொடங்கிய வம்சம் அது. அதற்குள் இன்றைக்கு ஒரு குட்டிக் கணினி உட்கார்ந்துகொண்டு, எந்த நொடியில் எத்தனை துளி பெட்ரோல் விடுவது என்று கணக்குப் போடுகிறது.

சாமானியருக்குப் புரியாமல் போய்க்கொண்டிருக்கும் தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதற்கு எக்ஸ்எல் வண்டியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு, செயற்கைக்கோள் என்று தொடங்கினால் அது நம் எல்லோருக்கும் ஒரே அளவில் எட்டாத விஷயம். யாருக்கு என்ன நஷ்டம் என்பது அதில் தெரியாது. எக்ஸ்எல்லில் தெரியும். விடியற்காலை நான்கு மணிக்கு மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய வண்டி கிளம்பவில்லை என்றால் அன்றைய வருமானம் போயிற்று.

கார்புரேட்டர் வண்டி கிளம்பாவிட்டால் என்ன செய்வோம் என்று இங்கே இருக்கிற பலருக்கு நினைவிருக்கும். முதலில் பிளக்கைக் கழற்றுவோம். முனை கன்னங்கரேலென்று ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. வெளுத்துப் போயிருந்தால் குறைவாகப் போகிறது. செங்கல் பொடி நிறத்தில் இருந்தால் எரிவதெல்லாம் சரி, கோளாறு வேறெங்கோ. கழற்றிய பிளக்கை அதன் மூடியில் செருகி, இன்ஜின் உடம்பில் படும்படி பிடித்துக்கொண்டு கிக்கரை உதைத்தால் பொறி வருகிறதா இல்லையா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். பொறி வந்தால் அடுத்தது கார்புரேட்டர். அடிக்கிண்ணத்தின் திருகைத் தளர்த்தினால் தேங்கிய தண்ணீரும் தூசியும் வெளியே வரும். ஜெட் அடைத்திருந்தால் வாயால் ஊதிப் பார்ப்போம். அவசரக்காரர்கள் கம்பி இழையை விட்டுக் குத்துவார்கள். கைதேர்ந்த மெக்கானிக் அதற்கு விடமாட்டார். மயிரிழை அளவு துளை பெரிதானாலும் அந்த வண்டி அதன்பிறகு பெட்ரோல் குடிக்கும் என்பார்.

பழைய புல்லட் இன்னும் ஒரு படி மேலே. அதைக் கிளப்ப, முதலில் கிக்கரை மெல்ல மிதித்து ஆம்பியர் மீட்டரின் முள்ளை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு டீகம்ப்ரஷன் லீவரை அழுத்திக்கொண்டு பிஸ்டனை மேல்முனையைக் கொஞ்சம் தாண்ட வைத்து, லீவரை விட்டுவிட்டு ஓங்கி ஒரு உதை. உள்ளே பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த வண்டியை எடுக்கவே முடியாது. ஓட்டுகிறவர் படித்தவரா இல்லையா என்பதை அது கேட்கவில்லை.

இதைப் பழம்பெருமையாக நான் சொல்லவில்லை. அந்த உதையில் கணுக்கால் பிசகியவர்கள் ஏராளம். கார்புரேட்டரால் காற்றையும் பெட்ரோலையும் துல்லியமாகக் கலக்க முடியாது. அந்தத் துல்லியம் இல்லாமல் சைலன்சருக்குள் இருக்கும் புகை வடிப்பான் ஒழுங்காக வேலை செய்யாது. அண்ணா சாலையில் மாலை ஆறு மணிக்கு சிக்னலில் நிற்கும் குழந்தை மூச்சிழுப்பது நம் எல்லோருடைய வண்டிப் புகையையும்தான். விதி மாறியபோது பெட்ரோலில் கந்தகத்தின் அளவும் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்குக்கு இறங்கியது. இதெல்லாம் தேவைதான். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வரக்கூடாது என்று சொல்வதற்கு நான் இங்கே வரவில்லை.

ஆனால் அதோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது. புது வண்டி நின்றுபோனால் பிளக் கதை சொல்வதில்லை. காற்றழுத்தத்துக்கு ஒரு சென்சார், இன்ஜின் சூட்டுக்கு ஒன்று, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்ல ஒன்று, புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க ஒன்று. இவை தரும் தகவலைக் கொண்டுதான் கணினி முடிவெடுக்கிறது. ஒரு சென்சார் பொய் சொன்னால் கணினியும் தப்பாக முடிவெடுக்கும். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு வண்டி சரியாகத்தான் இருக்கும், ஆனால் கிளம்பாது. தெருமுனை மெக்கானிக் இரண்டு தடவை செல்ஃப் அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்கிறார். "கம்பெனிக்கே கொண்டு போயிடுங்கண்ணே" என்கிறார்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் நான் இன்று பேச விரும்புகிறேன்.

எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்த காலம் என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை. உழுகிறவருக்குக் கொழு அடிக்கத் தெரியாது, கொல்லருக்கு வண்டிச் சக்கரம் செய்யத் தெரியாது. ஆனால் கொல்லரும் தச்சரும் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். ஆகவே "இந்தக் கருவி சாமானியருக்குப் புரிகிறதா?" என்ற கேள்வி எனக்குப் போதுமானதாகப் படவில்லை. இதைப் புரிந்தவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று கேட்க வேண்டும். தெருமுனையிலா, தாலுகா தலைநகரிலா, மாவட்டத் தலைநகரிலா, இல்லை கடவுச்சொல் போட்டுத் திறக்க வேண்டிய ஏதோ ஒரு நிறுவனத்தின் சர்வரிலா? தூரம் கூடக் கூட வண்டிக்காரரின் ஒரு நாள் போகிறது, பிறகு இரண்டு நாள் போகிறது. மெக்கானிக்கின் பிழைப்பும் போகிறது. பதினாறு வயதில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்க வந்து, ஐந்தாறு வருடத்தில் தனியாக ஷெட் போட்டவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! பள்ளிக்கூடம் கைவிட்ட பிள்ளைகளுக்கு அந்த ஷெட்டுகள்தான் பொறியியல் கல்லூரி. அங்கே சான்றிதழ் கிடையாது, வேலை உண்டு.

இந்தத் தூரம் தொழில்நுட்பத்தின் இயல்பினால் தானாகவே கூடுகிறது என்று பலரும் நம்புகிறோம். நான் நம்பவில்லை. கருவியின் வேலை கேட்கிற சிக்கல் வேறு, விற்கிறவர் போட்ட பூட்டு வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

அமெரிக்காவில் 1996 முதல் விற்கப்பட்ட கார்கள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரியான பதினாறு முனைச் சாக்கெட் ஒன்று ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்க வேண்டும் என்று விதி வந்தது. காற்று மாசைக் கட்டுப்படுத்தும் அதிகாரிகள் கொண்டுவந்த விதி அது. புகை கூடினால் எந்தப் பாகம் கெட்டது என்பதை யாரும் படித்தறியும்படி கார் சொல்லியாக வேண்டும் என்றார்கள். கோளாறுகளின் குறியீட்டு எண்களையும் பொதுவாக்கினார்கள். பி0300 என்றால் எந்தக் கம்பெனி காரானாலும் மிஸ்ஃபயர். பி0171 என்றால் பெட்ரோல் போதாமல் கலவை மெலிந்துவிட்டது. இன்றைக்குச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கருவியை அந்தச் சாக்கெட்டில் செருகினால் செல்ஃபோன் திரையில் அந்த எண் வந்துவிடுகிறது. சுத்தமான காற்று வேண்டுமென்ற அதே விதிதான் காரின் கணினியையும் திறந்து வைத்தது. சுற்றுச்சூழலா, தெருமுனை மெக்கானிக்கா, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று யாராவது உங்களிடம் சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் இரு சக்கர வண்டிகளிலேயே நல்ல உதாரணம் உண்டு. சில வண்டிகளில் கோளாறு வந்தால் டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு மினுக்கும். நீள மினுக்கல் ஒன்று என்றால் பத்து, குட்டை மினுக்கல் ஒன்று என்றால் ஒன்று. இரண்டு நீளம், ஒரு குட்டை என்றால் இருபத்தொன்று. அந்தப் பட்டியல் கையில் இருந்தால் அது ஆக்சிஜன் சென்சார் என்று படித்துவிடலாம். ஸ்கேனர் வேண்டாம், லேப்டாப் வேண்டாம். எண்ணத் தெரிந்தால் போதும். உள்ளே இருப்பது அதே கணினிதான், அதே சிக்கல்தான். ஆனால் அதை வடிவமைத்தவர் பேசுவதற்கு ஒரு வழி வைத்தார்.

இதற்கு நேரெதிரானதும் நடக்கிறது. பெட்ரோல் டேங்குக்குள் இருக்கும் பம்பில் விரல் நகம் அளவு வடிகட்டி அடைத்துக்கொண்டால், வடிகட்டி மட்டும் தனியாகக் கிடைக்காது, முழு அசெம்பிளியும் வாங்க வேண்டும் என்று சொல்கிற இடங்கள் உண்டு. ஜான் டியர் டிராக்டர் விவகாரம் உலகறிந்தது. விவசாயி தன் கையாலேயே பாகத்தை மாற்றிவிடுகிறார், பாகமும் சரியாகப் பொருந்தியிருக்கிறது. ஆனாலும் டீலர் தன் மென்பொருளைக் கொண்டுவந்து அனுமதி கொடுத்தால்தான் வேலை முடியும். அறுவடை நேரத்தில் வயலில் டிராக்டர் நிற்கிறது, டீலர் வர நாளாகிறது. இதை எதிர்த்துக் கிளம்பியவர்கள் அமெரிக்காவின் நடுமாநில விவசாயிகள். 2023இல் கொலராடோ மாநிலம் பண்ணை இயந்திரங்களுக்கென்றே பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் போட்டது. 2025 ஜனவரியில் அந்நாட்டின் ஃபெடரல் டிரேட் கமிஷனே அந்த நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. அந்தப் பூட்டினால் டிராக்டர் கூடுதலாக ஒரு சால்கூட உழப்போவதில்லை.

நம் நாட்டிலும் இது நீதிமன்றப் படி ஏறிய விஷயம்தான். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் பதினான்கு கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிப் பாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளிச்சந்தைக்கு விடாமல், தனி மெக்கானிக்குகளின் கையைக் கட்டிப்போட்டார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. வழக்கு மேல்முறையீடுகளில் இழுத்துக்கொண்டு போயிற்று. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது, அந்த ஆண்டு டிசம்பரில் ஓர் இணையதளமும் வந்தது. விவசாயக் கருவிகள், செல்ஃபோன்கள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகள் அதில் உண்டு. வரவேற்கிறேன். ஆனால் விருப்பமிருந்தால் தகவல் தாருங்கள் என்று நிறுவனங்களைக் கேட்பதால் எந்தப் பூட்டும் திறந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பூட்டைத் திறக்கலாம், தூரத்தைக் குறைக்கலாம் என்பதற்கு ஆதாரம் நம் மண்ணிலேயே இருக்கிறது. கோவை மாவட்டத்தில், நம் கண்முன்னே நடந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அடிபம்பின் கதை அது.

1966, 67 பஞ்சத்துக்குப் பிறகு நாடெங்கும் பாறையைத் துளைத்து ஆழ்துளைக் கிணறு போடும் வேலை வேகம் பிடித்தது. கிணறு நின்றது, மேலே வைத்த பம்பு நிற்கவில்லை. வார்ப்பிரும்பால் ஆன அந்தப் பம்புகள் ஒரு குடும்பம் நாளைக்குச் சில குடம் அடிப்பதற்காக வடிவமைக்கப்பட்டவை. ஊரே வரிசையில் நின்று விடியலிலிருந்து இருட்டும்வரை அடித்தால் அது எத்தனை நாள் தாங்கும்? எழுபதுகளின் நடுவில் கணக்கெடுத்தபோது நான்கில் மூன்று பம்புகள் செயலற்றுக் கிடந்தன. யுனிசெஃப், மத்திய அரசு, சென்னையில் இருந்த மெராடோ என்ற இயந்திரப் பொறியியல் ஆய்வு அமைப்பு, ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் என்ற அரசு ஆலை எல்லாம் கைகோத்து, சோலாப்பூரில் உருவாகியிருந்த ஒரு பம்பை அடிப்படையாகக் கொண்டு இந்தியா மார்க் 2 என்ற பம்பைக் கொண்டுவந்தார்கள். முதல் மாதிரிகளைச் சோதித்தது கோவை வட்டாரத்தில். ஊர்ப் பொது இடங்களில் மூன்று காலையும் சிமெண்டில் ஊன்றிக்கொண்டு நீளக் கைப்பிடியோடு இன்றும் நிற்கிறதே, அதுதான். இந்தியத் தர எண் 9301. யார் வேண்டுமானாலும் அந்த வரைபடத்தை வைத்துச் செய்யலாம், எவரும் காப்புரிமை கொண்டாடவில்லை. ஒரு பட்டறையில் செய்த பாகம் இன்னொரு பட்டறைப் பம்பில் பொருந்தும்.

உறுதியில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. பழுதுபார்ப்பதில்தான் சங்கடம். பூமிக்குள் நூறடி ஆழத்தில் ஒரு சிலிண்டர். அதற்குள் பிஸ்டன், பிஸ்டனைச் சுற்றித் தோல் வாஷர். கைப்பிடியை அடிக்கும்போது தண்ணீரைத் தூக்குவது அந்த வாஷர்தான். தோல் என்பதால் அது தேய்ந்தே தீரும். ஆனால் சிலிண்டரின் வாய் இரண்டரை அங்குலம், மேலே வரும் குழாயோ ஒன்றேகால் அங்குலம். பிஸ்டனைக் குழாய் வழியாக வெளியே எடுக்க முடியாது. உள்ளங்கை அளவு வாஷர் ஒன்றை மாற்ற, நூறடி இரும்புக் குழாயையும் பத்தடி பத்தடியாகக் கழற்றித் தூக்க வேண்டும். முக்காலி வேண்டும், சங்கிலி வேண்டும், நாலைந்து ஆட்கள் வேண்டும், இதையெல்லாம் ஏற்றிவர ஒரு லாரி வேண்டும். அதற்காகத் தமிழ்நாட்டில் மூன்றடுக்கு முறை ஒன்றை உருவாக்கினார்கள். ஊரில் பம்பைப் பார்த்துக்கொள்ள ஒருவர், ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக், மாவட்டத்தில் லாரியோடு ஒரு குழு. ஊர்க்காரர் அஞ்சலட்டை போட்டுச் சொல்லுவார், லாரி முறை வரும்போது வரும். அதுவரை பெண்கள் பழையபடி குடத்தோடு தொலைவுக்கு நடப்பார்கள்.

1980களில் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் உலக வங்கியும் சேர்ந்து கோவை மாவட்டத்தில் ஆண்டுக்கணக்கில் ஒரு களச்சோதனை நடத்தின. இந்தப் பம்பை ஊர் மெக்கானிக்கே பழுதுபார்க்க முடியாதா என்பதுதான் கேள்வி. விடை எளிமையானது. மேலே வரும் குழாயையும் இரண்டரை அங்குலமாக்கினார்கள். சிலிண்டரின் மேல்வாயைத் திறந்து விட்டார்கள். இப்போது குழாயைத் தொடவே வேண்டாம், உள்ளே இருக்கும் கம்பித் தண்டுகளை ஒவ்வொன்றாக இழுத்தால் பிஸ்டனும் அடிவால்வும் மேலே வந்துவிடும். தோல் வாஷருக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் வாஷர் வந்தது, அது பல மடங்கு உழைத்தது. லாரி போய், சில ஸ்பானர்களோடு ஒரு மெக்கானிக்கும் கூடமாட ஒருவரும் போதும் என்று ஆயிற்று. இதற்குப் பெயர் இந்தியா மார்க் 3.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மார்க் 3 எளிய பம்பு என்று சொல்ல முடியாது. குழாய் கனமானது, விலையும் கூடுதல், மிக ஆழமான கிணறுகளுக்கு அது தோதுப்படவும் இல்லை. அதைச் செய்த பொறியாளர்கள் மாற்றியது ஒன்றைத்தான்: எது அடிக்கடி தேயுமோ அது முதலில் கைக்கு வர வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அதற்கான விலையைப் பம்பு வாங்கும் நாளிலேயே கொடுக்கச் சம்மதித்தார்கள். உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில் தொண்ணூறுகளில் மகிளா சமாக்யா திட்டத்தின் கீழ் தலித், பழங்குடிப் பெண்கள் கைப்பம்பு மெக்கானிக்குகள் ஆனார்கள். அவர்களில் பலர் அதுவரை எழுத்துப் படித்ததில்லை. பம்பைப் பிரித்து மாட்டியதோடு நிற்காமல் எழுத்தையும் கற்றுக்கொண்டார்கள். பூட்டில்லாத கருவி ஒன்று கைக்கு வந்தால் மனிதர் எவ்வளவு தூரம் போவார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

தேயும் பாகம் எளிதாகக் கைக்கு வர வேண்டும் என்பதையெல்லாம் வாங்குகிறவர்தான் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டவர்கள் முன்பே உண்டு. 1929இல் அகில இந்திய நூற்போர் சங்கம் ஒரு மேம்பட்ட ராட்டைக்காக ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. அறிவிப்புக்குப் பின்னால் இருந்தவர் காந்தி. இயந்திரமே கூடாதென்றவர் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சுண்டு. ஆனால் அந்தப் பரிசின் நிபந்தனைகளைப் பார்த்தால் தேர்ந்த கொள்முதல் அதிகாரி எழுதியதுபோல் இருக்கும். ராட்டையின் விலை 150 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஒரு பெண் எட்டு மணி நேரம் அதிகச் சிரமமில்லாமல் இயக்கக்கூடியதாக இருக்க வேண்டும். உரிய பராமரிப்போடு இருபது ஆண்டு ஓட வேண்டும். தேயும் பாகங்களை மாற்ற ஆகும் செலவு ஆண்டுக்கு விலையில் நூற்றுக்கு ஐந்தை மிஞ்சக் கூடாது. எவ்வளவு நூற்கும் என்பதோடு நிற்காமல், எத்தனை வருடம், எவ்வளவு செலவில் நூற்கும் என்று எழுத்தில் கேட்டார். பரிசை யாரும் வெல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி சாகவும் இல்லை. பின்னாளில் அம்பர் சர்க்கா என்று நாடெங்கும் பரவிய ராட்டையை உருவாக்கிய ஏகாம்பரநாதன் நம் தமிழ்நாட்டுக்காரர்.

இப்போது இந்த அவையில் இருக்கும் உங்களிடம் வருகிறேன். தனி மனிதராக ஒரு எக்ஸ்எல் வாங்கும் பூக்காரரால் நிறுவனத்திடம் நிபந்தனை போட முடியாது. அரசால் முடியும். 2011 முதல் மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினி வாங்கிய அரசு இது. அதே ஆண்டு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வாங்கிக் கொடுத்த அரசு. பேருந்து வாங்குகிறது, ஆம்புலன்ஸ் வாங்குகிறது, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கருவி வாங்குகிறது, ஊராட்சிக்குத் தண்ணீர் மோட்டார் வாங்குகிறது. இவ்வளவு பெரிய வாடிக்கையாளர் சொன்னால் கேட்காத நிறுவனம் கிடையாது. பழுதுபார்க்கும் கையேடு தமிழில் வேண்டும், யாரும் இறக்கிக்கொள்ளும்படி இருக்க வேண்டும். கோளாறு எண்களின் பட்டியலை வெளியிட வேண்டும், அதைப் படிக்கும் கருவி கடையில் கிடைக்க வேண்டும். தேயும் பாகம் தனியாக, இத்தனை ஆண்டுக்கு, இந்த விலைக்குக் கிடைக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். டெண்டர் தாளில் இதற்கு அரைப் பக்கம் போதும்.

ஐ.டி.ஐ. ஆசிரியர்கள் சிலர் வந்திருப்பதாகச் சொன்னார்கள். உங்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக்குகளுக்கு மாலை நேரத்தில் கதவைத் திறந்து விடுங்கள். அவர்களுக்கு இன்ஜினை நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை, உங்களைவிட அவர்களுக்கு நன்றாகவே தெரியும். மல்டிமீட்டரை வைத்து சென்சாரின் வோல்டேஜ் பார்ப்பது எப்படி, வயரிங் படத்தைப் படிப்பது எப்படி, ஸ்கேனர் காட்டும் எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைச் சொல்லிக்கொடுங்கள். அவ்வளவும் சில வார வேலைதான்.

ஊராட்சித் தலைவர்களும் வார்டு உறுப்பினர்களும் இருக்கிறீர்கள். அடுத்த முறை உங்கள் ஊருக்கு மோட்டாரோ தெருவிளக்குப் பெட்டியோ குடிநீர் சுத்திகரிப்புக் கருவியோ வரும்போது கையெழுத்துப் போடுவதற்கு முன் விற்கிறவரிடம் ஒன்று கேளுங்கள். இது நின்றுபோனால் சரிசெய்யத் தெரிந்தவர் எங்கே இருக்கிறார், அவர் பெயர் என்ன, எங்கள் ஊர் ஆள் ஒருவருக்கு அதைக் கற்றுக்கொடுக்க அவருக்கு எத்தனை நாள் ஆகும்? பதிலை எழுதி வாங்கிக்கொண்டு, கருவியின் மேலேயே ஒட்டச் சொல்லுங்கள்.